மேடையில் ஏற்றிவிட்டால் பயம் போய்விடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்த்தினப் போட்டிகளுக்குப் பெயர் எடுக்கும் நாட்களில் கொழும்பின் தமிழ்ப் பாடசாலைகளில் ஒரு வசனம் தவறாமல் காதில் விழும். "இந்தப் பிள்ளை வாயே திறக்காது. பேச்சுப் போட்டியில போட்டுவிடுங்கோ, ஒருக்கா மேடை ஏறினா எல்லாம் சரியாப் போகும்." பெற்றோரும் ஆசிரியரும் நல்ல எண்ணத்தோடுதான் இதைச் சொல்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு அது பலிக்கவும் செய்கிறது. ஆனால் ஒரு வகுப்பில் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்காவது அந்த ஒரு மேடையே அடுத்த ஐந்து வருடத்துக்குப் போதுமான காயமாகிவிடுகிறது.

பயத்தில் உறைந்துபோகும் பிள்ளையைத் தயார்படுத்தாமல் மேடைக்குத் தள்ளுவதும், போகும் இடமெல்லாம் பிள்ளைக்குப் பதிலாகத் தாயே கதைத்துவிடுவதும் பார்வைக்கு எதிரெதிரான காரியங்கள். விளைவில் இரண்டும் ஒன்றுதான். "ஆக்களுக்கு முன்னால் என்னால் நிற்க ஏலாது" என்று பிள்ளை நம்பிக்கொண்டிருப்பதைச் சோதித்துப் பார்க்க இரண்டுமே இடம் கொடுப்பதில்லை. அந்த நேரத்தில் பிள்ளையின் மனதுக்குள் என்ன நடக்கிறது, வீட்டிலும் வகுப்பிலும் எதை மாற்றலாம் என்பதைச் சற்று விரிவாக எழுத இடம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதலில், கூச்சம் வேறு, இந்தப் பயம் வேறு. கூச்சமுள்ள பிள்ளை புதிய இடத்தில் கால்மணி நேரம் ஒதுங்கி நிற்கும். பிறகு மெல்லச் சேர்ந்துகொள்ளும். நாங்கள் சொல்லும் பிள்ளைக்குப் புதன்கிழமை வாசிப்புக்கான பயம் ஞாயிற்றுக்கிழமையே வயிற்றைப் பிசைய ஆரம்பிக்கும். வாசித்து முடிந்த பிறகும் அது போகாது. இரவு படுக்கையில் அந்த இரண்டு நிமிடத்தை ஐம்பது தடவை ஓட்டிப் பார்க்கும். உளமருத்துவத்தில் இதைச் சமூகப் பதகளிப்பு என்கிறார்கள். பயம் ஆறு மாதமாவது நீடித்து, படிப்பையோ நட்பையோ அன்றாட வாழ்க்கையையோ பாதிக்கும்போதுதான் அதை ஒரு கோளாறாகக் கணக்கெடுப்பார்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை பெரியவர்களோடு கதைக்கப் பயப்படுவது மட்டும் போதாது, சம வயதுப் பிள்ளைகள் மத்தியிலும் அந்தப் பயம் தெரியவேண்டும்.

இந்தக் கோளாறு உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது தொடங்கும் வயது 8 முதல் 15 வரை என்றும், நடு வயது 13 அளவில் என்றும் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு வகைப்படுத்தல் நூல் சொல்கிறது. எங்கள் கணக்கில் அது தரம் 8ஐச் சுற்றிய காலம். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிறகு பலர் புதிய பாடசாலைக்கு வந்து, பழைய கூட்டாளிகளை இழந்து, நாற்பது புது முகங்களுக்கு நடுவே இருக்கும் காலம். குரல் உடைகிறது, பரு வருகிறது, உயரம் ஒரே தவணையில் மாறுகிறது. அதோடு மூளையில் ஒரு புதிய ஆற்றலும் வந்து சேர்கிறது: மற்றவரின் கண்ணால் தன்னைப் பார்க்கும் ஆற்றல். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது அவ்வளவாக இல்லை. பதின்மூன்று வயதில் அது வரும்போது அளவு தெரியாமல் வருகிறது. எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று இந்த வயதினர் நம்புவதை டேவிட் எல்கைன்ட் என்ற உளவியலாளர் 1967இல் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பெயரிட்டு எழுதினார். கட்டிளமைப் பருவத்தில் எல்லோருக்கும் இது ஓரளவு உண்டு. பெரும்பாலானோருக்கு அந்தப் பார்வையாளர் கூட்டம் சில வருடங்களில் கலைந்துவிடும். சிலருக்கு மட்டும் அது கலையாமல் இருந்துவிடுகிறது.

அது ஏன் சிலருக்கு மட்டும்? பிறவிச் சுபாவத்துக்கு அதில் பங்கு உண்டு. புதிய முகத்தையும் புதிய பொருளையும் கண்டு பின்வாங்கும் சுபாவத்தைக் கைக்குழந்தைகளிலேயே காணலாம் என்று ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் நீண்டகால ஆய்வுகளில் காட்டினார். குழந்தைகளில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதத்தினர் அப்படிப்பட்டவர்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தக் கோளாறு வருவதில்லை. "தகப்பனும் இப்பிடித்தான், அது ரத்தத்தில வந்தது" என்று கைவிட வேண்டிய விடயமல்ல இது. சுபாவம் விதை மட்டும்தான். அது எந்த மண்ணில் விழுகிறது என்பதிலும், முளைத்த பிறகு எதை ஊற்றுகிறோம் என்பதிலும்தான் மீதி இருக்கிறது.

பயத்தை வளர்த்துக்கொண்டிருப்பது எது என்பதைப் பற்றி டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1995இல் முன்வைத்த விளக்கம் இன்றும் எங்களுக்கு மிகவும் பயன்படுகிறது. வகுப்பில் வரிசையாக ஒரு பந்தி ஒரு பந்தியாக வாசிக்கச் சொல்லும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பயமுள்ள பிள்ளை பாடத்தைக் கேட்பதில்லை. தனக்கு முன்னால் எத்தனை மேசை என்று எண்ணி, தனக்கு வரப்போகும் பந்தியைக் கணக்குப் பார்த்து, அதை மனதுக்குள் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். முன் மேசைக்காரர் அன்று வராவிட்டால் கணக்குப் பிழைத்து, அதற்கே வியர்த்துவிடும். முறை வந்ததும் கவனம் முழுவதும் உள்ளே திரும்புகிறது. நெஞ்சு அடிப்பது, தொண்டை வறள்வது, காது சூடாவது எல்லாம் பெரிதாகத் தெரிகின்றன. பயம் வந்ததும் உடலில் சுரக்கும் அதிரீனலின் செய்யும் வேலை அது, எவருக்கும் வரக்கூடியது. ஆனால் உள்ளே அவ்வளவு சூடாக இருப்பதால் வெளியிலும் முகம் செக்கச்செவேலென்று இருக்கும், கை எல்லோருக்கும் தெரியும்படி நடுங்கும் என்று பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது. தனக்குத் தெரியும் அந்தப் படத்தையே வகுப்பும் பார்க்கிறது என்று நம்பிவிடுகிறது. நிமிர்ந்து பார்த்திருந்தால், பாதி வகுப்பு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்திருக்கும். நிமிர்ந்து பார்க்கத்தானே முடியவில்லை!

இந்த இடைவெளியை அளந்து பார்த்தும் இருக்கிறார்கள். தோமஸ் கிலோவிச் குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வெட்கப்படத்தக்க ஒரு படம் போட்ட ரீசேட்டை அணிவித்து, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். அறையிலிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தங்கள் ரீசேட்டைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது கால்வாசிப் பேர் அளவில்தான். இவர்கள் பதகளிப்பு உள்ளவர்களென்று தெரிவு செய்யப்பட்டவர்களும் அல்லர், சாதாரண மாணவர்கள். அவர்களே இரண்டு மடங்காக நினைத்தார்கள் என்றால் பயத்தில் இருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளை எத்தனை மடங்காக நினைக்கும்?

அடுத்தது, பயத்தை மறைக்கப் பிள்ளை கைக்கொள்ளும் உத்திகள். பெற்றோரும் ஆசிரியரும் மிகக் குறைவாகக் கவனிப்பதும், பயத்தை மிக அதிகமாக நீடிக்கச் செய்வதும் இவைதான். நடுக்கம் தெரியாமலிருக்கப் புத்தகத்தை இறுகப் பிடிப்பார்கள். இறுகப் பிடித்த தசை இன்னும் நடுங்கும். பிழை கேட்காமலிருக்க மெல்லிய குரலில் வாசிப்பார்கள்; "கேக்கேல்ல, சத்தமா வாசி" என்று ஆசிரியர் சொல்ல, அதுவரை பார்க்காதவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். கண்ணைப் பார்த்துக் கதைக்கமாட்டார்கள். "தலைக்கனம் பிடிச்சவள்" என்று பெயர் கிடைக்கும். சொல்லப்போகும் வசனத்தை மனதுக்குள் மூன்று முறை கட்டிப் பார்ப்பார்கள். அதற்குள் கதை வேறு பக்கம் போய்விடும், சொன்னது ஒட்டாமல் நிற்கும். இடைவேளையில் கைத்தொலைபேசியையோ கொப்பியையோ பார்த்தபடி நடப்பார்கள். யாரும் வந்து கதைக்கமாட்டார்கள். எந்த உத்தி காப்பாற்றும் என்று நம்புகிறார்களோ அதுவே அவர்கள் பயந்ததைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஒன்றும் நடக்காமல் தப்பினாலும், "புத்தகத்தை இறுக்கிப் பிடிச்சதால தப்பினன்" என்று நன்மதிப்பு அந்த உத்திக்கே போய்விடும். "பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லையே" என்ற பாடம் மனதில் ஏறாது.

இதனால்தான் ஒரு மேடை போதாது என்கிறோம். பேச்சை மனப்பாடம் செய்து, சபையைப் பார்க்காமல், கூரையைப் பார்த்தபடி ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டு இறங்கும் பிள்ளை எதையும் கற்றுக்கொள்வதில்லை. நடுவில் மறந்து நின்றுவிட்டாலோ, பயம் உச்சத்தில் இருக்கும்போதே மேடையை விட்டு ஓடி வருகிறது. மூளை பதிந்துகொள்வது அந்த உச்சத்தையும், ஓடியதும் கிடைத்த ஆறுதலையும்தான். அடுத்த முறை ஓட்டம் இன்னும் முன்னதாகவே தொடங்கும். போட்டி நாளன்று வயிற்றுவலி வரும்.

கொழும்புக்கென்று சில விடயங்கள் இருக்கின்றன. எங்கள் வகுப்பறைகளில் யாழ்ப்பாணத்துப் பேச்சும் மட்டக்களப்புப் பேச்சும் மலையகப் பேச்சும் முஸ்லிம் பிள்ளைகளின் பேச்சும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கின்றன. இது எங்கள் செல்வம். அதே வகுப்பறையில் ஒரு பிள்ளையின் பேச்சை இன்னொரு பிள்ளை நடித்துக் காட்டிச் சிரிப்பதும், ஆசிரியரும் சேர்ந்து சிரிப்பதும் நடக்கிறது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அந்தப் பிள்ளை அந்த வருடம் முழுவதும் கை உயர்த்தாமல் இருக்கலாம். இதோடு காலி வீதியில் பஸ் நடத்துனரிடம் சிங்களம், டியூசனில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று ஒரு நாளில் மூன்று மொழிகளில் பிழைவிடும் வாய்ப்பு. இங்கே ஒரு வேறுபாட்டைப் பார்க்கவேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் வாயடைத்துப்போகும் பிள்ளை தமிழில் கூட்டாளிகளோடு சளசளவென்று கதைத்தால் அதற்குத் தேவை மொழிப் பயிற்சி. தமிழிலும் கதைக்க முடியாவிட்டால்தான் நாங்கள் சொல்லும் பயத்தைச் சந்தேகிக்கவேண்டும்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்லவேண்டும். 1983 ஜூலையையும் பிறகு வந்த சோதனைச் சாவடிக் காலத்தையும் கடந்த பல குடும்பங்கள் கொழும்பில் வெளியிடங்களில் அடக்கி வாசிக்கப் பழகின. "பஸ்ஸில சத்தமாக் கதைக்காத", "ஆக்கள் பாக்கினம்" என்பவை அன்று உயிரோடு இருப்பதற்கான எச்சரிக்கைகள். எவரும் குறை சொல்ல முடியாதவை. அந்தக் காலத்தை அறியாத பேரப்பிள்ளைக்குக் காரணம் வந்து சேருவதில்லை, குரலின் பதற்றம் மட்டும் வந்து சேருகிறது. ஆக்கள் பார்ப்பதே ஆபத்து என்று அது எடுத்துக்கொள்கிறது. ஏன் அப்படிச் சொன்னோம் என்பதைப் பெரியவர்கள் பிள்ளைக்கு விளக்கிச் சொன்னாலே ஒரு பாரம் குறையும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆரம்பத் தரங்களில் இருந்தவர்கள்தான் இன்றைய கட்டிளைஞர்கள். விளையாட்டில் சண்டை பிடித்து, கோபித்து, மறுபடி சேரப் பழகும் வயதில் அவர்கள் திரைக்கு முன்னால், பலர் கமெராவை நிறுத்திவிட்டு இருந்தார்கள். பின்னர் டியூசன். நூற்றுக்கணக்கானோர் அமரும் மண்டபத்தில் சாதாரண தரம் முதல் உயர் தரம் வரை ஒரு கேள்வியும் கேட்காமல், ஒருவரோடும் கதைக்காமல் இருந்து நல்ல பெறுபேறும் எடுத்துவிடலாம். பெறுபேறு வந்துவிட்டால் வீட்டில் யாரும் மற்றதைக் கேட்பதில்லை. பெண்பிள்ளையென்றால் "அடக்கமான பிள்ளை" என்று பாராட்டும் கிடைக்கும். பல்கலைக்கழகத்தில் முதல் முன்வைப்பு, வேலைக்கு முதல் நேர்முகம் வரும்போதுதான் வீட்டுக்கு விடயம் தெரியும்.

எதையும் தொடங்கும் முன் ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள்: பிள்ளையின் பயம் கற்பனையா, நியாயமானதா? வகுப்பில் ஒரு கூட்டம் உண்மையிலேயே கேலி செய்துகொண்டிருந்தால், அல்லது ஒரு ஆசிரியர் எல்லோர் முன்னிலும் அவமானப்படுத்திக்கொண்டிருந்தால், பிள்ளையைத் துணிவாக்குவது மருந்தாகாது. முதலில் அதை நிறுத்தவேண்டும். திக்குவாய், காது மந்தம், கரும்பலகை தெரியாத கண், எழுத்துக்களைப் பிரித்து வாசிப்பதில் உள்ள இடர் ஆகியவற்றையும் பாருங்கள். கை நடுக்கமும் வியர்வையும் மெலிவும் எந்த நேரமும் இருந்தால் தைரொயிட் சோதனை ஒன்று தேவைப்படலாம். முன்பள்ளிக் காலத்திலிருந்தே வீட்டில் நன்றாகக் கதைத்து வெளியில் ஒரு சொல்லும் கதைக்காத பிள்ளைக்கு வேறு விதமான உதவி தேவை. அதை வைத்தியர் பிரித்தறிவார்.

இனிப் படிக்கட்டு முறை. பிள்ளையும் நம்பிக்கையான ஒரு பெரியவரும் சேர்ந்து இருந்து, பயப்படும் காரியங்களை எட்டுப் பத்து வரிகளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பிள்ளையே புள்ளி போடவேண்டும். வெள்ளவத்தையில் இருக்கும் தரம் 9 பிள்ளை ஒன்றின் பட்டியல் இப்படி இருக்கலாம். கடையில் ஒரு பொருளின் விலையைக் கேட்பது 25. 100ஆம் இலக்க பஸ்ஸில் மிகுதிக் காசைக் கேட்டு வாங்குவது 35. பாமசிக்குத் தொலைபேசி எடுத்து எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்பது 40. பாடம் முடிந்த பிறகு ஆசிரியரிடம் ஒரு சந்தேகம் கேட்பது 50. இருந்தபடி வகுப்பில் மூன்று வரி வாசிப்பது 60. எழுந்து ஒரு பந்தி வாசிப்பது 75. காலைக்கூட்டத்தில் நற்சிந்தனை சொல்வது 90. எல்லாவற்றுக்கும் மேலே, வேண்டுமென்றே ஒரு சொல்லைப் பிழையாக வாசித்து, திருத்திவிட்டுத் தொடர்வது. இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிழை விட்டால் என்ன ஆகும் என்பதுதான் முழுப் பயமும். பிழையே விடாமல் ஏறி முடித்தால் அந்தக் கேள்வி கேட்கப்படாமலே இருந்துவிடும்.

30, 40 புள்ளியில் தொடங்குங்கள். 10 புள்ளிக் காரியத்தில் கற்க ஒன்றுமில்லை. 90இல் தொடங்கினால் ஓட்டம்தான். ஒவ்வொரு முறையும் செய்வதற்கு முன் பிள்ளை ஒரு துண்டில் எழுதவேண்டும்: என்ன நடக்குமென்று நினைக்கிறேன், எத்தனை சதவீதம் நிச்சயமாக நினைக்கிறேன். "வெட்கமா இருக்கும்" என்று எழுதினால் போதாது, அதைச் சரி பிழை பார்க்க முடியாது. "நடத்துனர் ஏசுவார், 70" என்று எழுதினால் பார்க்கலாம். வழக்கமான உத்திகளில் இன்று எதை விடப்போகிறேன் என்பதையும் எழுதவேண்டும். செய்யும்போது கவனத்தை வெளியே வைக்க ஒரு சிறு வேலை கொடுங்கள். நடத்துனர் போட்டிருந்த சேட்டின் நிறம் என்ன, பாமசிக்காரர் எந்தச் சொல்லோடு தொடங்கினார், முன்வரிசையில் யார் எழுதிக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் நடந்ததை முன்பு எழுதியதன் பக்கத்தில் எழுதவேண்டும். அதோடு முடிந்தது, இரவில் மறுபடி தோண்ட வேண்டியதில்லை.

ஒரே படியை வாரத்தில் நாலைந்து நாள், இடத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். ஒரே கடையில் ஒரே மாமாவிடம் பத்து முறை விலை கேட்டால், அந்த மாமாவுக்குப் பயப்படாமலிருக்க மட்டும்தான் பிள்ளை கற்கும். பயம் பூச்சியத்துக்கு வரும்வரை காத்திருக்கவேண்டாம்; நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தாலும் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று தெரிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். ஒருநாள் நடத்துனர் உண்மையிலேயே ஏசவும் கூடும். அந்த நாளும் வீணில்லை. ஏசினார், பிறகு என்ன ஆனது, எவ்வளவு நேரம் மனம் நொந்தது, இன்று அதைப் பஸ்ஸில் இருந்த யாராவது நினைவில் வைத்திருப்பார்களா என்று பிள்ளையோடு பொறுமையாகக் கதைக்கலாம்.

எங்கே பிழைக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். தாய் இரண்டடி பின்னால் நின்றால் அது தாயின் துணிவு. தண்ணீர்ப் போத்தலைக் கையில் பிடித்திருந்தால் துணிவு போத்தலுக்குப் போய்விடும். ஆழ்ந்த மூச்செடுக்கும் பயிற்சி நல்லதுதான். ஆனால் "மூச்சை எண்ணாவிட்டால் கதைக்க ஏலாது" என்ற நிலை வந்தால் அதுவும் இன்னொரு மறைப்பு உத்தி. "பயமே இல்லைத்தானே" என்று பாராட்டாதீர்கள், பயந்தது பிழை என்று ஆகிவிடும். "பயந்துகொண்டே கேட்டாய்" என்று சொல்லுங்கள். நடுக்கத்துக்கென்று அயலவர் சொன்ன குளிசையைப் பாமசியில் வாங்கிக் கொடுக்கும் பழக்கம் ஆபத்தானது. இதற்குப் பலர் பேர் சொல்லிக் கேட்கும் புரொப்ரனலோல் ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சுக்குழாயை இறுக்கிவிடக்கூடும்.

கைத்தொலைபேசிக் கமெராவை நல்ல காரியத்துக்கும் பயன்படுத்தலாம். பிள்ளை மூன்று நிமிடம் ஒருவரோடு கதைப்பதை, பிள்ளையின் சம்மதத்தோடு, படம் பிடியுங்கள். உடனே காட்டவேண்டாம். அப்படிக் காட்டினால் பிள்ளை தன் குறையை மட்டுமே தேடும். முதலில் கண்ணை மூடி, படத்தில் தான் எப்படித் தெரிவேன் என்று சொல்லச் சொல்லுங்கள்: முகம் எவ்வளவு சிவந்திருக்கும், எத்தனை இடத்தில் தடுமாறியிருப்பேன். எழுதி வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே உணர்ந்ததும் வெளியில் தெரிந்ததும் ஒன்றல்ல என்பதை ஆயிரம் புத்திமதியை விட அந்த மூன்று நிமிடம் தெளிவாகக் காட்டும். பார்த்த பிறகு அதைப் பிள்ளையின் முன்னாலேயே அழித்துவிடுங்கள். உறவினர் வட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் போடாதீர்கள்.

பெற்றோரிடம் கேட்பது ஒன்று. வைத்தியர் பிள்ளையிடம் "என்ன செய்யுது?" என்று கேட்டதும் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் கூடக் கஷ்டமாக இருக்கும். விருந்தினர் வந்தால் அறைக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது, ஆசிரியருக்குப் பிள்ளைக்காக நீங்களே செய்தி அனுப்புவது போன்றவற்றை ஒரே நாளில் நிறுத்தாமல், ஒன்றைத் தெரிவு செய்து, முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். "கஷ்டம்தான் எண்டு தெரியும் குஞ்சு, உன்னால ஏலும் எண்டும் தெரியும்" என்ற இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். முதலாவது மட்டும் சொன்னால் பயத்துக்கு உடன்பட்டதாகும். இரண்டாவது மட்டும் சொன்னால் பிள்ளை தனித்துப்போகும். யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பதகளிப்புள்ள 7 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும் இவ்விதப் பயிற்சி கொடுத்தபோதே, பிள்ளைகளுக்கு நேரடியாக உளச்சிகிச்சை கொடுத்ததற்குக் குறையாத முன்னேற்றம் தெரிந்தது. வேலைக்குப் போய் வந்து களைத்திருக்கும் பெற்றோருக்கு இது பாரமாகத் தெரியலாம். எங்களுக்கு இது பெரிய நம்பிக்கை தரும் செய்தி.

ஆசிரியர்களிடம் கேட்பது, அந்தப் பிள்ளையை வாசிப்பிலிருந்து அடியோடு விலக்கிவிடாதீர்கள். எதிர்பாராமல் எழுப்பவும் செய்யாதீர்கள். எந்தப் பந்தி வரும் என்று முதல்நாள் சொல்லிவிடுங்கள். வாய்மொழிக் கணிப்பீட்டை முதலில் உங்களுக்கு மட்டும், பிறகு இரண்டு கூட்டாளிகளோடு, பிறகு ஐந்து பேர் முன்னால், தவணை முடிவில் வகுப்பின் முன்னால் என்று நகர்த்தலாம். முன்னறிவிப்பையும் மெல்லக் குறைத்துக்கொண்டு வாருங்கள். "ஏன் நடுங்குறாய்?" என்று எல்லோர் முன்னிலும் கேட்காதீர்கள். ஒரு பிள்ளையின் பேச்சை யாராவது நடித்துக் காட்டினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

அதிபர்களிடமும் கல்வி அதிகாரிகளிடமும் கேட்பது இன்னும் எளிது. உளவளத்துணைக்கு நியமிக்கப்பட்ட ஆசிரியருக்கு நிறைந்த நேரசூசியைக் கொடுத்து, பழைய மேசைகள் அடுக்கிய அறையின் ஒரு மூலையையும் கொடுத்தால், ஆக்கள் பார்ப்பதற்கே பயப்படும் பிள்ளை அங்கே வராது. கதவு மூடக்கூடிய ஒரு அறையும், வாரத்தில் குறித்த சில பாடவேளைகளும், அங்கே சொன்னது ஆசிரியர் ஓய்வறைக்குப் போகாது என்ற உறுதியும் வேண்டும்.

பிள்ளை இரண்டு வாரத்துக்கு மேல் பாடசாலை போக மறுத்தால், மலசலகூடம் போக அனுமதி கேட்க நேரும் என்று நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால், ஆக்கள் முன்னால் சாப்பிடுவதை விட்டுவிட்டால், எதிலும் விருப்பமின்றிச் சோர்ந்திருந்தால் படிக்கட்டை நீங்களே செய்துகொண்டிருக்கவேண்டாம். குடும்ப வைத்தியரின் கடிதத்தோடு பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ, வயது கூடிய பிள்ளையென்றால் அரச வைத்தியசாலை ஒன்றின் உளமருத்துவப் பிரிவையோ நாடலாம். பிரித்தானியாவின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டல் இந்த வயதினருக்குப் பரிந்துரைப்பது 45 நிமிடம் கொண்ட 8 முதல் 12 அமர்வுகளான அறிகை நடத்தைச் சிகிச்சையை, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சையை. வழக்கமாக மருந்து கொடுக்கவேண்டாம் என்றும் அது சொல்கிறது. மருந்து தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு, அதை வைத்தியர் தீர்மானிப்பார். மனநல வைத்தியசாலை அங்கே இருப்பதால் அங்கொடை என்ற ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் எங்கள் வழக்கம்தான் பல பெற்றோரை வாசலிலேயே நிறுத்துகிறது. கலியாணப் பேச்சுக்கு இடைஞ்சல் வரும் என்ற பயமும் கூடவே நிற்கிறது. பதின்மூன்று வயதில் தொடங்கியதை இருபத்தைந்து வயதில் கொண்டுவருவதால் எந்தக் கலியாணமும் சுலபமாவதில்லை.

சாக வேண்டும் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியோ பிள்ளை ஒரு சொல் சொன்னாலும் வைத்தியரைப் பார்க்கத் தந்த திகதிக்குக் காத்திருக்கவேண்டாம், அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசிச் சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது. அந்த இலக்கத்தைப் பிள்ளைகளின் கண்ணில் படும்படி வகுப்புச் சுவரில் எழுதி வைக்குமாறு எல்லாப் பாடசாலைகளையும் கேட்கிறோம். தொலைபேசியில் கதைப்பதே பயமான பிள்ளைக்கு அந்த அழைப்பே ஒரு பெரிய படி என்பதால், முதல் தடவை பக்கத்தில் ஒருவர் இருந்து இலக்கத்தை அழுத்திக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கொழும்புப் பாடசாலைகள் சிலவற்றில் உளவளத்துணைப் பணியிலுள்ள ஆசிரியர்கள்,
வெள்ளவத்தை, கொழும்பு 06